பழைய ஊசி

"அவரு சுட்டுப் பாத்துட்டு வரட்டும், அப்பறம் பழைய ஊசியையே மாட்டிக் குடுத்துருங்கன்னுதானே சொல்றேன்…"

"அதை மாட்டினா வெடிக்காதும்மா, எங்க கம்பெனி பேரு கெட்டுப்…"

"வெடிக்க வேண்டாங்கறேன்!"

துப்பாக்கித் தொழிற்சாலையின் புகார்ப் பிரிவில் இருந்த ஹெப்சிபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போன வாரம் இந்த அம்மாளின் கணவர் போனில் போட்ட சத்தம் இன்னும் அவள் காதில் இருந்தது. 'பன்னி எதுக்க நிக்குது, விசையை அமுக்கறேன், டிக்குங்குது. துப்பாக்கியா செய்யறீங்க, பொம்மையா?' தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசி, நுனி மழுங்கியபடி எப்படிச் சோதனையைத் தாண்டி வெளியே போனதென்று கூனிக் குறுகி, திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டு, மற்றதையெல்லாம் தள்ளிவைத்து இதை முதலில் சரிசெய்ய வைத்தவள் அவள்தான்.

"பன்னி பயிரை அழிக்குதுன்னு உங்க வீட்டுக்காரர்தாம்மா அவசரப்பட்டாரு."

"பன்னியா?" அந்த அம்மாள் மேசையில் கிடந்த பழைய ஊசியை எடுத்து உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். "பாகம் பிரிச்சுக் குடுன்னு எதுக்க வந்து நின்னது எம் மவன், தாயி."

கையெழுத்துக்காக எடுத்து வைத்திருந்த டெலிவரி ரசீதை ஹெப்சிபா மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

ரிப்பேர் ஆனதை வாடிக்கையாளரே சுட்டுப் பார்க்கும் பின்பக்கத் திடலில் ஒரு வெடிச்சத்தம் கேட்டது. சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சற்றைக்கெல்லாம் அந்த அம்மாளின் கணவர் துப்பாக்கியைத் தோளில் சாத்தியபடி, முகமெல்லாம் மலர்ந்து உள்ளே வந்தார். ஹெப்சிபா ரசீதின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டாள்.

"இப்பத்தாம்மா மனசு நிறைஞ்சுது. ஒரே அமுக்கு! எங்க கையெழுத்துப் போடணும்?"