மூன்று ஃபேனும் தலைகீழ்

“இதை மாட்டினவரு யாருங்க?”

கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிய ரிப்பேர்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்.

“எங்க அண்ணன்தான். ஏன்?”

“மூணு ஃபேனும் தலைகீழா இருக்கு. முன்பக்கம் வெளிக்காத்தை உள்ளே இழுக்கணும், பின்பக்கம் சூட்டை வெளியே தள்ளணும். இங்கே பின்னாடி இழுத்து முன்னாடி தள்ளுது. உள்ளே சூடு தங்கி, எல்லா ஃபேனும் மூச்சு முட்ட ஓடுது. அதான் இந்தச் சத்தம். அண்ணன் என்ன வேலை பார்க்கிறார்?”

“ஏ.சி. மெக்கானிக்.”

அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதுதான் அவளுக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

வீட்டிலிருந்தே ஒரு பதிப்பகத்துக்குத் தட்டச்சு செய்யும் வேலை அவளுக்கு. ஆறு வருடத்துக்கு முன் பாகம் பாகமாக வாங்கி வந்து, இதே அறையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, இந்தக் கம்ப்யூட்டரைப் பொருத்திக் கொடுத்தவன் அண்ணன். மேசைக்கு அடியில் இடம் பார்த்து, பெட்டியை இப்படியும் அப்படியும் திருப்பி வைத்ததும் அவன்தான். அன்று தொடங்கிய மாவு மில் சத்தம் ஓயவே இல்லை.

எத்தனை தடவை கேட்டாலும் ஒரே பதில்தான். “அது அப்படித்தான் இருக்கும். நீ கையை வைக்காதே.”

போன வருடம் அண்ணியை வைத்துக்கொண்டே அவள் அண்ணனைக் கேட்டுவிட்டாள். “ஒரு ஃபேனைச் சத்தமில்லாம ஓட வைக்கத் தெரியல. நீயெல்லாம் மெக்கானிக்னு வெளியில சொல்லிக்காதே.”

அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு போனவன்தான். பதினோரு மாதமாகப் போன்கூடக் கிடையாது. அவளும் செய்யவில்லை. தப்பு அவன் பேரில் இருக்க, இவள் எதற்கு இறங்கிப் போவதாம்?

ரிப்பேர்காரர் ஃபேன்களைத் திருப்பி மாட்டினார். முன்பக்கத்துக்கு மட்டும் பெரிதாகப் புதிது ஒன்று போட்டார். “பெருசுன்னா மெதுவாச் சுத்தினாலே போதும், சத்தம் இருக்காது.” உண்மைதான். கம்ப்யூட்டர் ஓடுகிறதா என்று குனிந்து விளக்கைப் பார்க்க வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் அவள் அவருக்குப் போன் செய்தாள்.

“சத்தம் சுத்தமா இல்லைங்க. ஆனா வேலைக்கு உட்கார்ந்தா கால் விறைச்சுப்போகுது. ஆறு வருஷமா இப்படி இருந்ததில்ல.”

“பெட்டியோட முன்பக்கம் உங்க காலைப் பார்த்து இருக்கில்ல? சூட்டுக்காத்து பூரா கால் மேலேயே அடிச்சிருக்கும். இப்ப பின்னாடி சுவத்துக்குப் போகுது. ஒரு சாக்ஸ் போட்டுக்குங்க.”

சாக்ஸ் என்றதும் அவள் போனை வைத்துவிட்டாள்.

சின்ன வயதில், குளிர் வந்துவிட்டால் வீட்டிலேயே அவளுக்கு மட்டும்தான் பாதம் மரத்துப்போகும். ஒரே கட்டிலில் தலைமாடு கால்மாடாகப் படுத்திருக்கும் அண்ணன் தன் சாக்ஸைக் கழற்றி அவள் முகத்தில் எறிவான். “எனக்கு வேர்க்குது. நீயே வச்சுக்கோ.”

அத்தனை குளிரில் அவனுக்கு மட்டும் எப்படி வேர்க்கும் என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. அந்த வீடும் இல்லை, அந்தக் கட்டிலும் இல்லை. யோசிக்க இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

அண்ணனின் நம்பரை அழுத்தினாள். மூன்றாவது மணியில் எடுத்தான்.

“அண்ணா…” மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தாள். வாயில் வந்தது வேறு. “கால் குளிருது.”

அதே பழைய எரிச்சலோடு அவன் கேட்டான்:

“எவன்டி அந்த ஃபேனைத் திருப்பினது?”