தொப்பி போட்ட விளக்கு

இப்படிக் கொஞ்சம் கிட்ட வாருங்கள் கண்ணுகளா, ஒரு மச்சானும் மாப்பிள்ளையும் பட்ட பாட்டைச் சொல்கிறேன். சின்னக் கதைதான், அடுப்பில் வைத்தது பொங்குவதற்குள் முடிந்துவிடும்.

“இது மெத்தைக் கடை விளம்பரம் மாதிரி இருக்கு மாப்பிள்ளை,” என்றார் மச்சான்.

கம்ப்யூட்டர் திரையில் பிறை நிலா ஒன்று கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தது. அதை வரைந்த மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார்.

“அப்ப நேத்துக் காட்டின ஆந்தை?”

“அது கண்ணாஸ்பத்திரி.”

“ஏண்ணே அவரை இப்படிப் படுத்தறே?” என்றாள் மாப்பிள்ளையின் மனைவி. மச்சானுக்கு அவள் ஒரே தங்கை.

ராத்திரி வெளிச்சத்தைக் குறைக்கச் சொல்லி அந்த ஊரில் ஓர் இயக்கம் தொடங்கியிருந்தார்கள். வானத்தில் நட்சத்திரமே தெரிவதில்லை, பறவைகள் வழி தவறுகின்றன, நமக்கும் தூக்கம் கெடுகிறது என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லப் போகிறார்கள். அதற்கு ஒரு சின்னம் வேண்டும். கம்பெனி வேலை போன பிறகு மாப்பிள்ளைக்குக் கிடைத்த முதல் வேலை அது. இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்று சாயங்காலம் காட்டுவதும் பிடிக்காவிட்டால் வேறு ஆளிடம் போய்விடும்.

அவருக்குக் கை வராமல் இல்லை, மனசுதான் வரவில்லை. கீழே இருப்பது மச்சானின் லைட் கடை. ஊரிலேயே பெரிய ஃபோகஸ் லைட்டும், பட்டப்பகலிலும் ஓடுகிற சீரியல் லைட்டும் அங்கேதான் கிடைக்கும். வேலை போய் விழித்துக்கொண்டு நின்ற அன்று, “மாடி சும்மாதானே கெடக்கு, தங்கச்சியக் கூட்டிட்டு வந்துடுங்க” என்று சாவியைக் கையில் திணித்த மனிதர் அவர். அவர் சோற்றில் மண் போடுகிற படத்தை அவர் மாடியிலேயே உட்கார்ந்து எப்படி வரைவது?

“மச்சான், இந்த வேலை வேண்டாம்னு சொல்லிடட்டுமா?”

“ஏன்?”

“இது நல்லா வந்துட்டா நீங்க கடையில உக்காந்து ஈ ஓட்டணும்.”

மச்சான் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். “இந்தா பாருங்க. என் கடைய நான் பாத்துக்கறேன். உங்க கை நல்ல கை. அது என்னால கெட்டுப்போச்சுன்னா நான் என் தங்கச்சி மூஞ்சில எப்படி முழிப்பேன்? வரைங்க.”

மாப்பிள்ளை மறுபடி மௌஸைக் கையில் எடுத்தார். மனைவி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

“நிலாவ விடுங்க, ஆந்தைய விடுங்க,” என்றார் மச்சான். “விளக்கையே போடுங்க. மேல ஒரு தொப்பி. வெளிச்சம் கீழ விழணும், மேல போகக் கூடாது. அவங்க சொல்றது அதுதானே?”

மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். திரையில் ஒரு கோடு வளைந்து இறங்கியது.

“மச்சான், இது நல்லா இருக்கே.”

“சட்டியக் கவுத்த மாதிரி இருக்கு. ஓரத்த லேசா வெளிய மடக்குங்க. இன்னும் கொஞ்சம். ஆங், அப்படியே நிறுத்துங்க. மேல சுத்தி ரெண்டு வரி.”

“வரி எதுக்கு? சின்னதாப் போட்டா தெரியாது.”

“அழகா இருக்கும், போடுங்க.”

“நிறம் கறுப்புதான?”

“கரும்பச்சை.”

“இருட்டுக்குக் கறுப்புதான மச்சான் பொருத்தம்?”

“கறுப்பு துக்கம். எவன் வீட்டு வாசல்ல ஒட்டுவான்? கரும்பச்சை போடுங்க.”

போட்டார். தள்ளி நின்று கண்ணைப் பாதி மூடிப் பார்த்தார். சட்டைப் பொத்தான் அளவுக்குச் சுருக்கியும் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் பளிச்சென்று புரிந்தது. கீழே ‘வெளிச்சம் தரைக்கு, வானம் நமக்கு’ என்று எழுதினார்.

“வீட்டுக்கு வீடு இப்படி ஒரு தொப்பி மாட்டணும்னு கூட்டத்துல மறக்காமச் சொல்லுங்க,” என்று படி இறங்கினார் மச்சான். தன் பிழைப்பையே விட்டுக்கொடுத்துவிட்டு எவ்வளவு சாதாரணமாகப் போகிறார் என்று மாப்பிள்ளை அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் இயக்கத்தின் தலைவி படத்தைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். “இதுதான் சார். நாளைக்கே ஊர் பூரா ஒட்டிடலாம். எல்லாரும் இதே மாதிரி தொப்பி மாட்டட்டும்.”

மாப்பிள்ளைக்கு அந்தச் சந்தோஷம் தெருமுனை வரைக்கும்தான் தாங்கியது. கடைக்குள் நுழைந்ததும் மச்சானின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

“ஓகே ஆயிடுச்சு மச்சான். என்னால உங்க பொழப்பு...”

“அட, அழறத அப்புறம் வச்சுக்கலாம். இந்தப் பெட்டிய அந்தப் பக்கம் பிடிங்க, தனியாத் தூக்க முடியல.”

பெட்டி வாய் திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய தகரத் தொப்பிகள். ஓரம் லேசாக வெளியே மடங்கி, மேலே சுற்றி இரண்டு வரியோடு, அத்தனையும் கரும்பச்சை. அதே மாதிரிப் பெட்டிகள் கூரை வரைக்கும் நின்றன. மாடிப்படியில் மனைவியின் தோள் மறுபடி குலுங்கியது. இந்த முறை சிரிப்புச் சத்தமும் சேர்ந்து வந்தது.

“சரக்கு வந்து எறங்கி ரெண்டு மாசம் ஆகுது மாப்பிள்ளை,” என்றார் மச்சான், நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டே. “உங்க படத்த இதுங்கிட்டக் கொண்டு வர்றதுக்குள்ளதான் எனக்கு நாக்குத் தள்ளிப்போச்சு.”

கேட்ட உங்கள் வீட்டிலும் விளக்கு அளவாக எரியட்டும், உறவு அளவில்லாமல் நிறையட்டும் கண்ணுகளா.