புஷ்பவள்ளி ஓட்டிய படகு

"நேத்து பிச்சாவரம் உப்பங்கழியில உங்க அக்காதான் மச்சான் எனக்குப் படகு ஓட்டுனா. கொடுவா மீனெல்லாம் ஒதுங்கி நின்னு வழிவிட்டுதுன்னா பாத்துக்கயேன்."

அக்கா புருஷன் உத்திராபதி இப்படிச் சொன்னபோது ராஜவேலுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அக்கா புஷ்பவள்ளிக்குக் கருமாதி முடிந்ததிலிருந்து அவனுக்கு எதுவுமே வருவதில்லை. உயிரோடு இருந்தபோதே கால் விளங்காமல் இருந்தவள் அவள்.

"பேசாம என்னோட குறிஞ்சிப்பாடிக்கு வந்துடுங்க மாமா. தனியா இருந்து புத்தி பேதலிச்சிடப் போவுது."

"வரேன். ஆனா ஒரு தடவை என் படகுல ஏறு. அவ ஓட்டலேன்னு நீ சொல்லிட்டா, அப்பவே வீட்டைப் பூட்டிட்டுக் கெளம்பிடறேன்."

ராஜவேல் மரத்துப்போன மனதோடு கூடப் போனான். மீன் பிடிக்க மாமா வாங்கிய கயாக் என்னும் ஒடுங்கிய துடுப்புப் படகு கரையோரம் மிதந்தது. பின்பக்கம் ஒரு மோட்டார் புதிதாக முளைத்திருந்தது.

"துடுப்பு எங்க மாமா?"

"அது எதுக்கு? முன்னாடி உக்காந்து அந்தக் குமிழைத் தள்ளு."

தள்ளினான். கயாக் முனகிக்கொண்டு நகர்ந்தது. பழக்கப்பட்ட முனகல். ராஜவேல் குனிந்து பார்த்தான். கறுப்புக் குமிழைச் சுற்றி ஒட்டுப்பொட்டுகள்.

கண்ணாடி எட்டாததால், முகம் கழுவும்போதெல்லாம் அக்கா பொட்டை எடுத்துத் தன் பேட்டரி சக்கர நாற்காலியின் குமிழில்தான் ஒட்டிவைப்பாள். மோட்டாரும் அந்த நாற்காலியுடையதுதான்.

கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து மாமா கேட்டார்: "யாரு ஓட்டுறா மச்சான்?"

ராஜவேல் குமிழிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அக்காதான் மாமா."