கூடவே வந்த பத்தி

உலகநாதன் விட்ட அறையில் நாற்காலியோடு சரிந்து விழுந்தாள் வேண்டா.

செங்கல்பட்டு கோர்ட்டுக்கு எதிரே இருந்த கம்ப்யூட்டர் சென்டர் அது. வரிசையில் நின்றவர்கள் வாசலுக்கு நகர்ந்தார்கள். அவள் புருஷன் செங்கல்வராயன் ஜெராக்ஸ் மெஷினைக் காபந்து பண்ணிக்கொண்டு நின்றான். மெஷின் புதிது. பெண்டாட்டி பழசு.

உலகநாதன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். கையில், அவன் மனைவி ஆராயி போலீசில் கொடுத்த மனுவின் நகல். போன வாரம் அதை டைப் அடித்தவள் வேண்டா.

“அடிச்சேன், ஒதச்சேன், இல்லேன்னு சொல்லல. இஸ்திரிப் பொட்டியால எப்போடி சுட்டேன்? அவ தோள்ல எங்கடி கீது தழும்பு?”

அடித்ததிலும் உதைத்ததிலும் அவனுக்கு வெட்கமில்லை. செய்யாததை எழுதியதில்தான் மானம் கப்பலேறிவிட்டது.

அவன் சொன்னது நிஜம். ஆராயி சொல்லவே சொல்லாத பத்தி ஒன்று, மனுவின் கடைசியில் உட்கார்ந்திருந்தது.

பெண்கள் கொடுக்கும் மனு எல்லாம் ஒரே மாதிரிதான் முடியும். ‘ஐயா அவர்கள் தக்க நடவடிக்கை எடுக்குமாறு’ என்று தினம் அடித்துச் சலித்து, வேண்டா அந்த முடிவை கீபோர்டில் இரண்டு பட்டனில் ஏற்றிவைத்திருந்தாள். சேர்த்து அழுத்தினால் தானே வந்து விழும். ஏற்றும்போது, கையிலிருந்த ஒரு மனுவில் முடிவுக்கு மேலேயிருந்த பத்தியையும் சேர்த்துப் பிடித்திருக்கிறாள். அழுத்தும்போதெல்லாம் அதுவும் கூடவே வந்திருக்கிறது. மனுவின் முடிவை யார் திருப்பிப் படிக்கிறார்கள்?

உலகநாதன் அவள் முடியைப் பிடித்துத் தூக்கினான். மொத்தமும் பொய் என்று அவள் எழுதித் தரவேண்டுமாம். ஆராயியின் தோளைப் பார்த்த ஏட்டம்மாவுக்கு ஏற்கனவே சந்தேகம். இவள் எழுதித் தரும் தாளும் ஸ்டேஷனுக்குப் போய்விட்டால் கேஸ் அவ்வளவுதான். ஆராயி மறுபடியும் இவன் கைக்கே திரும்பவேண்டியதுதான்.

“எழுதிக் குடுத்துத் தொலைடி, பேஜாரா கீது” என்றான் செங்கல்வராயன்.

வேண்டா மாட்டேன் என்றாள்.

உலகநாதன் அவள் தலையை மேசையில் மோதினான். திமிறியவளை இழுத்த இழுப்பில் ஜாக்கெட் தோளோடு கிழிந்தது.

தோளில் இஸ்திரிப் பெட்டியின் மூக்கு அப்படியே பதிந்திருந்தது, கன்றிக் கறுத்து.

உலகநாதன் கையை எடுத்தான். தாளைப் பார்த்தான். தோளைப் பார்த்தான். பிறகு, யாரும் சொல்லாமலே, ஜெராக்ஸ் மெஷின் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

வேண்டா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். வாயெல்லாம் ரத்தம். ஃப்ளாப்பியைப் போட்டு ஆராயியின் மனுவைத் திறந்து, அந்த ஒரு பத்தியை மட்டும் எடுத்துவிட்டு பிரிண்ட் கொடுத்தாள்.

அப்புறம் புதுப் பக்கம் திறந்து இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினாள். தனக்காக டைப் அடித்து, அன்றே பயந்து அழித்துவிட்ட மனுவின் பத்தி வந்து விழுந்தது. இந்த முறை அதை அவள் எடுக்கவில்லை. மேலே தன் பெயரையும் புருஷன் பெயரையும் மட்டும் அடித்தாள்.

பிரிண்ட் எடுத்த தாளைப் புருஷனிடம் நீட்டினாள்.

“மூணு காப்பி போடு.”