யன்னலுக்குப் பிளாஸ்டிக்

ஹெயார் டிரையரை இன்னும் கிட்டக் கொண்டுபோனார். பிளாஸ்டிக் தாளின் சுருக்கங்கள் ஒவ்வொன்றாக விலகின.

யன்னல் சட்டத்தைச் சுற்றி டேப். டேப்பின் மேல் தாள். தாளின் மேல் சூடு. இந்த வேலையை இப்போது அவர் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்.

விரலால் சுண்டிப் பார்த்தார். மத்தளத் தோல் மாதிரி விறைத்து நின்றது. வெளியே, ஒன்பது மாடிக்குக் கீழே, பனி கொட்டிக்கொண்டிருந்தது. இனி ஒரு பொட்டுக் காற்றும் உள்ளே வராது.

நேற்று ஒட்டியதும் இப்படித்தான் நின்றது.

முந்தாநாள் ஒட்டியதும்.

பின்னால், கம்பளிச் சால்வைக்குள், மனைவி பவளம் சோபாவில் இருந்தாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவருடைய கைவேலை எதையும் நம்பாத மனுசி. ஆணி அடித்தாலும் ஆட்டிப் பார்ப்பாள்.

பொழுது படுகிற நேரம் எழும்புவாள். தாளில் நகத்தால் ஒரு கீறு. அவ்வளவுதான், அது வாய் பிளந்துவிடும். யன்னலைத் தள்ளித் திறப்பாள்.

விளக்கு வைக்கிற நேரம் வீடு பூட்டிக் கிடக்கக் கூடாது. லட்சுமி வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவாளாம்.

"வாறதெண்டால் லிஃப்டிலை வரட்டும்" என்று ஒருநாள் எரிந்து விழுந்தார்.

பிறகு மனம் கேட்காமல் முன்கதவைத் திறந்து வைத்துப் பார்த்தார். நடையிலிருந்து பக்கத்து வீட்டு மீன் பொரியல் மணம்தான் வந்தது. பவளம் மூக்கைப் பொத்திக்கொண்டு யன்னலுக்கே போனாள்.

அவளுக்கு மகளின் பெயர் மறந்து போயிற்று. மூட்டிய அடுப்பை அணைக்க மறந்து போயிற்று. தேத்தண்ணி குடித்த கோப்பையைக் கீழே வைக்கமுதல், இன்னும் தேத்தண்ணி தரவில்லை என்று முறைப்பாடு.

இது மட்டும் மறக்கவில்லை.

ஒருநாள் விடியவே திரைச்சீலைகளை இழுத்து மூடினார். லைட் எல்லாவற்றையும் போட்டார். சுவர் மணிக்கூட்டைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தார். கட்டிய மனைவியிடமிருந்து பொழுதையே ஒளிக்கிற திருட்டு வேலை. வெட்கமாகத்தான் இருந்தது.

நேரம் வந்ததும் அவள் எழும்பிவிட்டாள்.

போன மாரியில் அவளுக்கு நிமோனியா. டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துச் சொன்னது இன்னும் அவர் காதை விட்டுப் போகவில்லை. இன்னொரு தடவை தாங்காது.

அதனால் கெஞ்சினார். கத்தினார். ஒருநாள் கையைப் பிடித்து இழுத்தும் விட்டார். மணிக்கட்டில் விரல் அடையாளம் சிவந்து கிடந்தது. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் ஒருநாளும் கத்தவில்லை. திறந்த யன்னலில் கையை வைத்துக்கொண்டு, பல் கிட்டிக்க, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்வாள்.

"கொஞ்சம் பொறுங்கோ. அவா வரட்டும்."

வரும்வரை நிற்பாள். யார் வந்தார்கள், எப்போது வந்தார்கள் என்பது அவளுக்குத்தான் தெரியும். முகம் தெளிந்ததும் தானே சாத்திவிட்டு வந்து இருப்பாள். அவர் போர்த்திவிடுவார். பாதத்தைத் தேய்த்துவிடுவார். மறுநாள் திரும்பவும் டேப்.

கோயில் குளம் என்று திரிகிறவர் அல்ல அவர். ஆனாலும் இன்று காலை, அவள் குளியலறையில் இருந்தபோது, சாமித்தட்டுக்கு முன்னால் போய் நின்றார். கேட்கக் கூடாததைக் கேட்டார்.

இவள் இதையும் மறந்துவிடட்டும், தாயே.

வானம் சாம்பலாகியது. இந்த ஊரில் மாரிப் பொழுதுக்கு அவசரம் அதிகம்.

யன்னலுக்கும் அவளுக்கும் நடுவில், பந்தை மறிக்க நிற்கிறவன்போல, கையைச் சற்று அகட்டி நின்றார்.

தெருவிளக்குகள் எரியத் தொடங்கின.

அவள் யன்னலைப் பார்த்தாள். பிறகு சால்வையின் நூல் ஒன்றைப் பார்த்தாள். அதைப் பிடித்து இழுத்தாள்.

எழும்பவில்லை.

எதிர்க் கட்டடத்தின் வீடுகளில் ஒவ்வொன்றாக வெளிச்சம் வந்தது. அவர் நின்றார். முழங்கால் வலித்தது. நன்றாக இருட்டிவிட்டது. தாள் ஒரு கீறல் இல்லாமல் நின்றது.

கேட்டது கிடைத்திருக்கிறது. சந்தோசப்பட வேண்டிய மனுசன். சோபாவுக்குக் கிட்டப் போய்க் குனிந்தார்.

"இஞ்சாரும்" என்றார். "பொழுது பட்டிட்டுது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சிரித்தாள். வீட்டுக்கு வந்த ஆட்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

அவரே போய் விளக்கை ஏற்றினார். திரி பற்ற நேரம் எடுத்தது.

திரும்பி யன்னலுக்கு வந்தார். பெருவிரல் நகத்தைத் தாளில் வைத்தார்.

ஒரு கீறு.

யன்னலைத் தள்ளினார். குளிர் முகத்தில் அறைந்தது. சாமித்தட்டில் சுடர் ஒருபக்கம் படுத்து எழும்பியது. அவர் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் சால்வையைக் கழுத்துவரை இழுத்தாள்.

"யன்னலைச் சாத்துங்கோவன். குளிருது."

இந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் இவ்வளவு நாளும் தொண்டை கிழியக் கத்தினார்.

சாத்தவில்லை. சட்டத்தைப் பிடித்திருந்த விரல்கள் விறைத்துக்கொண்டு வந்தன.

"கொஞ்சம் பொறும்" என்றார். "அவா வரட்டும்."