மிச்சம் நாற்பது

வீட்டுப் பிளான் வரைந்து பிழைப்பவளின் கம்ப்யூட்டரில் கை வைத்தவன் அவளுடைய தம்பிதான். இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டமும் இருக்கட்டும் என்று கேட்காமலே போட்டுவிட்டுப் போயிருந்தான். டிஸ்க்கில் நூறு ஜிபி போயே போய்விட்டது. ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள், இன்று மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் அதை அழித்தாள். அறுபதுதான் திரும்பி வந்தது. போன் போட்டாள்.

“மிச்சம் நாற்பது எங்கடா?”

“நான் எடுத்ததே அறுபதுதான்க்கா.”

“அப்போ மிச்சத்தை உங்கப்பனா எடுத்தான்?”

“அவர் உனக்கும் அப்பாதான்.”

போனை வைக்காமலே ஒவ்வொரு ஃபைலாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒன்று மட்டும் நாற்பது ஜிபி இருந்தது. அவள் குடியிருக்கும் இதே வீட்டின் பிளான், அவளே வரைந்தது. திறந்தால், சமையலறைக்குப் பின்னால் அவள் வரையாத ஓர் அறை. பத்துக்குப் பன்னிரண்டு. நான்கு பக்கமும் சுவர்.

அவளுக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது. பதினாறு வருஷத் தொழிலில் இப்படி ஒரு அறையை அவள் யாருக்கும் போட்டுக் கொடுத்ததில்லை.

“கதவு இல்லாம எவன்டா ரூம் போடுவான்?”

திட்டிக்கொண்டே, அழிக்க வேண்டியதை அழிக்காமல், கைப்பழக்கத்தில் சமையலறைப் பக்கம் திறக்கும்படி ஒரு கதவை வைத்துச் சேவ் செய்துவிட்டாள்.

நாற்பது ஜிபியும் அப்படியே திரும்பி வந்தது.

“அக்கா,” என்றான் தம்பி, “நீ தனியாத்தானே இருக்கே? யாரு கதவைத் திறக்கிற சத்தம் அது?”