ஏரிப் பள்ளியின் உறுதிமொழி

ஏரிக்கரைப் பள்ளியில் தினமும் காலையில் நாரை வாத்தியார் உறுதிமொழி சொல்லிக்கொடுப்பார்.

"இந்த ஏரி என் தாய். உயிரே போனாலும் இதை விட்டுப் போகமாட்டேன்."

வாத்துகள் கணீரென்று திருப்பிச் சொல்லும். ஆமைக்கு நாக்கு மெதுவாகத்தான் புரளும். அது "இந்த ஏரி" என்று முடிப்பதற்குள் மற்றவர்கள் உட்கார்ந்துவிடுவார்கள்.

"உனக்கு ஏரிமேல் பற்றே இல்லை," என்று வாத்தியார் அதைத் தினமும் வெளியே நிறுத்தினார். ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு அழுதது.

அந்த வருடம் மழை பொய்த்தது. சித்திரையில் ஏரி குட்டையாகிவிட்டது. முதலில் வாத்தியார் பறந்துபோனார். மறுநாள் வாத்துகளும் போயின. ஆமை சேற்றைத் தோண்டி உள்ளே படுத்துக்கொண்டது. மேலே மண் காய்ந்து வெடித்தது. ஐந்து மாதம் அது ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியதும் எல்லோரும் திரும்பி வந்தார்கள். பள்ளி திறந்த அன்று, எலும்பும் ஓடுமாக ஆமை வந்து சேர்ந்தபோது உறுதிமொழி முடிந்திருந்தது.

"எங்கே போயிருந்தாய்?" என்றார் வாத்தியார்.

"எங்கேயும் போகவில்லை, ஐயா."

"இங்கேயே இருந்தவன் உறுதிமொழிக்கு வராமல் இருப்பானா?"

ஆமை பதில் சொல்ல வாயைத் திறந்தது. அதற்குள் கணக்குப் பாடம் தொடங்கிவிட்டது.